பழைய 1060, புதிய 4060: கிராபிக்ஸ் கார்டு ஸ்பெக்கை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

மார்கழி பிறந்ததும் சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து சித்தி மகன் போன் செய்தான். கல்யாண வீடியோ எடிட் செய்வது அவன் தொழில். மார்கழியில் முகூர்த்தம் இல்லை என்பதால் பிசியைப் பிரித்துப் போட அவனுக்கு அதுதான் வசதியான காலம்.

"அண்ணா, கடையில 4060 போடச் சொல்றாங்க. கோரு ரெண்டு மடங்குக்கு மேல, வேகம் மூணரை மடங்காம். எடுத்துடலாமா?"

"அவசரப்படாதடா, ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்" என்றேன்.

அவனிடம் இருப்பது 2017-ல் நான் சேர்த்துக்கொடுத்த பெட்டி. இன்டெல் ஐ7 7700, 16 ஜிபி ராம், என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி. கடைக்காரர் சொன்ன எண்களில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அந்த எண்களில் எது இவன் வேலைக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பது வேறு கேள்வி. அன்று மாலை முழுக்க அவனோடு உட்கார்ந்து ஒப்பிட்ட வரிசையிலேயே இதை எழுதுகிறேன். உங்களிடம் வேறு கார்டு இருக்கலாம். முறை ஒன்றுதான்.

முதலில் உங்கள் பெட்டியைப் பற்றி எழுதுங்கள்

கார்டின் ஸ்பெக்கைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் நான்கு விஷயம் குறியுங்கள். பிராசஸர் எது, மதர்போர்டின் பிசிஐஇ (கார்டைச் சொருகும் ஸ்லாட்) தலைமுறை எது, பவர் சப்ளை எத்தனை வாட், கேபினட்டுக்குள் கார்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் நீளம் இருக்கிறது. அப்புறம் ஐந்தாவதாக, இந்தப் பிசியில் எந்த வேலை இழுக்கிறது என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். "ஸ்லோவா இருக்கு" என்று எழுதக்கூடாது. என்ன செய்யும்போது ஸ்லோ என்று எழுத வேண்டும்.

சித்தி மகன் முதலில் எழுதியது "ரெண்டர் லேட்டாகுது". கொஞ்சம் துருவிக் கேட்டதும் வேறு பதில் வந்தது. ரெண்டரை இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறான், அது அவனுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. புதுக் கேமரா வாங்கியதிலிருந்து டைம்லைனில் கிளிப்பை முன்னும் பின்னும் இழுத்தால் படம் திக்கித் திக்கி வருகிறது. தாலி கட்டும் நொடியில் சரியாக வெட்ட முடியவில்லை. இந்த வரி ஒன்றுதான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானித்தது. இதை மட்டும் தாளில் பெரிதாக எழுதி வைத்தோம்.

இன்னொன்று. பழைய கார்டை அழுக்கோடு வைத்துக்கொண்டு புதிய கார்டோடு ஒப்பிடுவது நியாயமில்லை. அம்மாப்பேட்டையில் தறி ஓடாத தெரு குறைவு. பஞ்சுத் தூசி எங்கே போகும்? கார்டின் விசிறியைக் கழற்றிப் பார்த்தால் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிப் போர்வையே இருந்தது. பிரஷ்ஷும் ப்ளோயரும் வைத்துச் சுத்தம் செய்து, சிப்பின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினோம். ப்ளோயர் அடிக்கும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். எட்டு வருடம் பேஸ்ட் மாற்றாத கார்டு என்றால் இந்த ஒரு வேலைக்கே வித்தியாசம் தெரியும்.

கார்டின் முழுப் பெயரைக் கண்டுபிடியுங்கள்

"1060 இருக்கு" என்பது பாதிப் பெயர்தான். 1060-ல் 6 ஜிபி, 3 ஜிபி என்று இரண்டு வகை பரவலாக விற்றது. மெமரி மட்டும்தான் வேறு என்று நினைத்துப் பலர் 3 ஜிபியை வாங்கினார்கள். உண்மையில் 6 ஜிபி கார்டில் 1280 கோர் (கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகு), 3 ஜிபி கார்டில் 1152 கோர். பெட்டியின் மேல் பெயர் ஒன்று, உள்ளே சரக்கு வேறு.

இந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபியின் மெமரி வேகம் நொடிக்கு 360 ஜிபி. பின்னால் வந்த 3060 8 ஜிபியில் அது 240. ஆர்டிஎக்ஸ் 3050 8 ஜிபியில் 2560 கோர், 3050 6 ஜிபியில் 2304 கோர், அதோடு பஸ்ஸும் (சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே தகவல் போகும் பாதை) 128 பிட்டிலிருந்து 96 பிட்டுக்கு இறங்கிவிட்டது. எல்லாவற்றையும் விட மோசம் ஜிடி 1030. ஜிடிடிஆர்5 மெமரி வகையில் நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 வகையில் 16.8 ஜிபி. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஆனால் பெயர் ஒன்றேதான்.

அதனால் ஜிபியு-இசட் என்ற சின்ன இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். சிப்பின் பெயர், கோர் எண்ணிக்கை, மெமரி வகை, பஸ் அகலம், மெமரி வேகம், பிசிஐஇ இணைப்பு எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். செகண்ட் ஹேண்டு கார்டு வாங்கப் போகிறவர்களுக்கு இது கட்டாயம். பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) மாற்றி வேறு பெயரில் நடமாடும் போலிக் கார்டுகளைப் பெரும்பாலும் அதுவே போலி என்று காட்டிவிடும். காசு கொடுப்பதற்கு முன்னால் விற்பவர் பிசியிலேயே இதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வந்த வழியே திரும்பிவிடலாம்.

பெயரில் இருக்கும் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் இலக்கங்கள் தலைமுறை, கடைசி இரண்டு இலக்கங்கள் அந்தத் தலைமுறைக்குள் அதன் இடம். 1060-ம் 4060-ம் '60' என்பதால் ஒரே படி என்று தோன்றும். ஆனால் 1060-ல் இருந்த சிப் ஜிபி106. 3060-ல் ஜிஏ106. 4060-ல் வைத்ததோ ஏடி107. எண் கூடினாலும் சிப் வரிசையில் அது ஒரு படி கீழே. பரப்பும் 200 சதுர மில்லிமீட்டரிலிருந்து 159-க்குச் சுருங்கியது. அந்த 159-க்குள்ளே 1890 கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன, பழையதில் 440 கோடிதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 16 நானோமீட்டர் முறையிலிருந்து, சிப் தயாரிக்கும் டிஎஸ்எம்சியின் 4என் முறைக்கு வந்ததன் பலன் அது.

கோர், கிளாக், டெராஃபிளாப்

கடைக்காரர் சொன்ன மூன்றரை மடங்கு எங்கிருந்து வந்தது? கணக்கு எளிது. கோர் எண்ணிக்கையை 2-ஆல் பெருக்கி, அதைக் கிளாக் வேகத்தால் (நொடிக்கு எத்தனை துடிப்பு) பெருக்கினால் ஃபிளாப்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை தசமக் கணக்கு என்பது கிடைக்கும். லட்சம் கோடி ஃபிளாப்ஸ் ஒரு டெராஃபிளாப். ஒவ்வொரு கோரும் ஒரு துடிப்பில் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல் செய்கிறது, அதற்குத்தான் 2.

1060-க்கு 1280 × 2 × 1.708 கிகாஹெர்ட்ஸ். கிடைப்பது 4.37 டெராஃபிளாப். 4060-க்கு 3072 × 2 × 2.46 கிகாஹெர்ட்ஸ். 15.1 டெராஃபிளாப். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் மூன்றரை. எண் சரிதான், ஆனால் கார்டு மூன்றரை மடங்கு வேகமாக ஓடாது.

ஏன் என்று புரிய நடுவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 2060-ல் 1920 கோர். அடுத்து வந்த 3060 12 ஜிபியில் 3584 கோர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிட்டதாகத் தோன்றுகிறது அல்லவா? கோர்களைக் கட்டிவைக்கும் தொகுதிக்கு எஸ்எம் என்று பெயர். 2060-ல் 30 எஸ்எம் இருந்தது, 3060-ல் 28 தான். தொகுதி குறைந்து கோர் எப்படிக் கூடியது? 20 வரிசையில் ஒவ்வொரு எஸ்எம்-மிலும் தசமக் கணக்குக்கு 64, முழு எண் கணக்குக்கு 64 என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள், தசமத்துக்கு உரியதை மட்டும் கோர் என்று எண்ணினார்கள். 30 வரிசையில் முழு எண் பக்கமும் தசமக் கணக்கைச் செய்யும்படி மாற்றினார்கள். உடனே எஸ்எம்-முக்கு 128 கோர் என்று எண்ணத் தொடங்கினார்கள். கம்ப்யூட்டர் ஆட்டத்திலோ எடிட்டிங்கிலோ முழு எண் வேலை வரும்போது அந்தப் பாதிக் கோர்கள் அந்த வேலைக்குப் போய்விடும். காகிதத்தில் இருக்கும் டெராஃபிளாப் முழுதாகக் கைக்கு வராததற்கு இது ஒரு காரணம்.

எனவே என் பழக்கம் இது. ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடும்போது கோர் எண்ணிக்கையை நம்புவேன். 4060-ஐயும் 4070-ஐயும் கோர் வைத்து ஒப்பிடலாம். தலைமுறை தாண்டினால் அது ஒரு மேல்வரம்பு மட்டுமே. என்விடியா, ஏஎம்டி என்று கம்பெனியும் மாறினால் கோர் எண்ணிக்கையைப் பார்க்கவே மாட்டேன்.

தாளில் போட்டிருக்கும் பூஸ்ட் கிளாக் (கூடுதல் வேகம்) என்பதும் சத்தியவாக்கு இல்லை. கார்டு எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ, எவ்வளவு மின்சாரம் மிச்சம் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் வேகம். 1060 அடங்கிய பாஸ்கல் தலைமுறைக் கார்டுகள் சூடு ஏற ஏற சுமார் 13 மெகாஹெர்ட்ஸ் அளவில் படிப்படியாக இறங்கும். சேலத்துச் சித்திரை வெயிலில் தகரக் கூரை அறையில் ஒரு வேகம், தை மாத ஏற்காட்டில் இன்னொரு வேகம். இதை நேரிலேயே பார்த்தோம். ஏற்காட்டில் ஒரு ரிசார்ட் கல்யாணத்துக்கு அன்றிரவே ஹைலைட்ஸ் கேட்டார்கள் என்று இந்தப் பெட்டியையே மேலே ஏற்றிக்கொண்டு போனோம். விசிறி சத்தமே இல்லாமல் கிளாக் கீழே இருந்ததைவிட மேலே நின்றது. இடையில் ஒன்று சொல்கிறேன், 20 கொண்டை ஊசி வளைவுக்கு மேல் பிசியைக் கொண்டுபோவதென்றால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். வளைவுக்கு வளைவு குலுங்கினால் கனமான கார்டு ஸ்லாட்டையே பிளந்துவிடும்.

மெமரி: அளவு, பஸ், வேகம், கேஷ்

ஸ்பெக் தாளில் மக்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். புதியதை எடுத்தவர்கள் மட்டும் ஏமாறுவதில்லை, பழையதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்களும்தான்.

மெமரி வேகத்தைக் கணக்கிட, ஒரு இணைப்புக்கு நொடிக்கு எத்தனை கிகாபிட் என்பதைப் பஸ் அகலத்தால் பெருக்கி 8-ஆல் வகுக்க வேண்டும். நான்கு கார்டுகளுக்குப் போட்டுப் பார்த்தோம்:

1060 6 ஜிபி: 8 × 192 ÷ 8 = நொடிக்கு 192 ஜிபி
3060 12 ஜிபி: 15 × 192 ÷ 8 = 360 ஜிபி
4060 8 ஜிபி: 17 × 128 ÷ 8 = 272 ஜிபி
5060 8 ஜிபி: 28 × 128 ÷ 8 = 448 ஜிபி

2021-ல் வந்த 3060-ஐ விட 2023-ல் வந்த 4060-க்கு மெமரி குறைவு, பஸ் குறுகல், வேகமும் குறைவு. கோரும் 3584-லிருந்து 3072-க்கு இறக்கம். தாளை மட்டும் பார்த்தால் பழையது ஜெயித்துவிட்டது. ஆனாலும் 1080பி (முழு எச்டி) திரையில் பெரும்பாலான ஆட்டங்களில் 4060 முந்துகிறது. ஒரு காரணம் கிளாக். 1777 மெகாஹெர்ட்ஸ் எங்கே, 2460 எங்கே. இன்னொரு காரணம் விளம்பரத்தில் யாரும் பெரிதாகப் போடாத எல்2 கேஷ். 1060-ல் ஒன்றரை எம்பி, 3060-ல் 3 எம்பி, 4060-ல் 24 எம்பி.

சித்தி மகனுக்கு இதைச் சமையலறையை வைத்துச் சொன்னேன். எல்2 கேஷ் என்பது அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் அஞ்சறைப் பெட்டி. கார்டின் மெமரி என்பது அலமாரி. பஸ் என்பது அலமாரிக்கும் அடுப்புக்கும் நடுவே இருக்கும் நடை. அஞ்சறைப் பெட்டி பெரிதாக இருந்தால் நடை குறுகலாக இருந்தாலும் பரவாயில்லை, அடிக்கடி அலமாரிக்குப் போக வேண்டியதில்லை. 4060-ல் செய்தது இதைத்தான். ஆனால் அலமாரியிலேயே இடமில்லாமல் போனால் என்ன ஆகும்? ஒவ்வொரு சிட்டிகை உப்புக்கும் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்கு வண்டி எடுக்க வேண்டும். கார்டின் மெமரி நிரம்பி, பிசியின் ராமிலிருந்து எடுக்கத் தொடங்கினால் அதுதான் நடக்கும். அஞ்சறைப் பெட்டி எவ்வளவு பெரிதானாலும் அப்போது உதவாது.

எனவே மெமரியில் முதல் கேள்வி "போதுமா?" என்பது. வேகம் அதற்கு அப்புறம். வேலை செய்துகொண்டிருக்கும்போதே விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பக்கத்தைத் திறந்து, தனி மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். 6 ஜிபியில் ஐந்தரைக்கு மேல் எப்போதும் நின்றால் உங்களுக்கு அளவுதான் பிரச்சினை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு டிசைனை முப்பரிமாணத்தில் வரைந்து ரெண்டர் எடுக்கும் ஒரு நண்பருக்கு நான் 4060-ஐச் சொல்லவில்லை, 3060 12 ஜிபியைத்தான் சொன்னேன். சின்னச் சின்னச் சலங்கை மணிகளும் கண்ணிகளும் சேர்ந்த அவர் கோப்புகள் 8 ஜிபியில் அடங்கவில்லை. வேகம் கொஞ்சம் குறைந்தாலும் வேலை முடிகிறது. வேகமான கார்டு பாதியில் நின்றுபோனால் அதை வைத்து என்ன செய்வது?

சித்தி மகன் எடிட் செய்வது 4கே கிளிப்புகள், கலர் திருத்தம், கொஞ்சம் டைட்டில். அவன் பிசியில் 6 ஜிபி முழுதாக நிரம்பவே இல்லை. ஆக, அளவு அவன் பிரச்சினை இல்லை. 8 போதும்.

ஸ்லாட், மின்சாரம், நீளம்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தாண்டிப் போகாதீர்கள்.

1060 பிசிஐஇ 3.0-ல் தகவல் போகும் 16 தடங்களை எடுத்துக்கொள்ளும். 4060-க்கு 8 தடம்தான். 4.0 போர்டில் 8 தடத்துக்கு நொடிக்கு ஏறக்குறைய 15.75 ஜிபி கிடைப்பதால் குறை தெரியாது. ஐ7 7700 போர்டில் இருப்பதோ 3.0. அங்கே அதே 8 தடத்துக்குப் பாதி, சுமார் 7.9 ஜிபி. சாதாரண வேலையில் இது பெரிதாகக் கடிக்காது. மெமரி நிரம்பி லீ பஜாருக்குப் போகும் நிலை வந்தால் மட்டும் ரோடும் பாதியாகிவிட்டது என்று அர்த்தம். 5060-ம் 8 தடம்தான். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யில் 4 தடம். பழைய போர்டு வைத்திருப்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

ஜிபியு-இசட்டில் இந்த இணைப்பைப் பார்க்கும்போது கார்டு சும்மா இருந்தால் 1.1 என்று காட்டும். பயப்பட வேண்டாம். பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறி இருக்கும், அதை அழுத்திச் சோதனையை ஓட்டினால் உண்மையான எண் வரும்.

மின்சாரம்: 1060-க்கு 120 வாட், 4060-க்கு 115, 3060-க்கு 170, 5060-க்கு 145. என்விடியா பரிந்துரைக்கும் பவர் சப்ளை 1060-க்கு 400 வாட், 4060-க்கும் 5060-க்கும் 550. இவன் பெட்டியில் இருந்தது 450 வாட், அதுவும் எட்டு வயதானது. கார்டு 115 வாட்தானே என்று பழைய சப்ளையிலேயே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். கனெக்டரையும் எண்ணிப் பாருங்கள். 6 பின் வழியாக 75 வாட், 8 பின் வழியாக 150 வாட், ஸ்லாட் வழியாக 75. பழைய சப்ளையில் 6 பின் மட்டும் இருந்தால் மாற்று வயரைத் தேடி ஓடாமல் சப்ளையையே மாற்றுங்கள். யூபிஎஸ்ஸையும் மறக்க வேண்டாம். 600 விஏ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால்தான் இந்தக் கணக்கு ஞாபகத்துக்கு வரும்.

நீளம் விஷயத்தில் ஸ்கேல்தான் நம்பகம். ஒரே 4060 இரண்டு விசிறியிலும் வருகிறது, மூன்று விசிறியில் நீளமாகவும் வருகிறது. சில கேபினட்டுகளில் ஹார்டு டிஸ்க் கூண்டு இடிக்கும்.

வீடியோ என்ஜின்: சின்ன எழுத்தில் இருப்பது

இப்போது தாளில் பெரிதாக எழுதி வைத்த வரிக்கு வருவோம். கிளிப்பை இழுத்தால் திக்குகிறது.

கிராபிக்ஸ் கார்டுக்குள் கோர்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தனிப் பகுதி இருக்கிறது. வீடியோவைப் பிரிக்க ஒன்று, சுருக்க ஒன்று. பிரிப்பது டீகோடர், சுருக்குவது என்கோடர். 1280 கோரோ 3072 கோரோ, டீகோடருக்கு ஒரு வடிவம் தெரியாது என்றால் தெரியாதுதான். அந்த வேலை முழுக்கப் பிராசஸர் தலையில் விழும்.

எனவே முதலில் உங்கள் கேமரா எந்த வடிவத்தில் பதிவு செய்கிறது என்று பாருங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கிளிப்பைத் திறந்தால் மூன்று விவரம் தெரியும்: கோடெக் (வீடியோவைச் சுருக்கிய முறை), பிட் ஆழம், நிறத் தகவலின் அளவு. இவன் பழைய கேமரா எச்.264, 8 பிட், 4:2:0. புதுக் கேமராவில் வாங்கிய நாளன்றே யாரோ சொன்னார்கள் என்று எச்.265, 10 பிட், 4:2:2 வைத்திருக்கிறான். நிறம் அருமையாக வருகிறது, பட்டுப்புடவையின் ஜரிகை பக்கத்தில் நிறம் பிசிறவில்லை. தப்பே இல்லை. 4:2:0-ல் நான்கு புள்ளிக்கு ஒரு நிறத் தகவல், 4:2:2-ல் இரண்டு புள்ளிக்கு ஒன்று. திருத்தும்போது அது கைகொடுக்கும்.

சிக்கல் இதுதான்: 4:2:2 எச்.265-ஐ 1060-ன் டீகோடருக்குப் பிரிக்கத் தெரியாது. 4060-க்கும் தெரியாது. இந்த விஷயத்தில் 10 வரிசையும் 40 வரிசையும் ஒன்றுதான். என்விடியாவில் 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்களில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸுக்கு 11-ஆம் தலைமுறையிலிருந்து தெரியும். இவனுடையது 7-ஆம் தலைமுறை.

நம்ப மறுத்தான். "அண்ணா, இவ்வளவு காசு கொடுத்து வாங்கற கார்டுக்கு இதுகூடத் தெரியாதா?"

சரி, சோதித்துப் பார்க்கலாம் என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். ஜிபியு பக்கத்தில் வீடியோ டீகோட் என்று ஒரு வரைபடம் இருக்கும். பழைய கேமரா கிளிப்பை டைம்லைனில் ஓட்டினால் அந்தக் கோடு எழும்பியது, பிராசஸர் நிம்மதியாக இருந்தது. புதுக் கேமரா கிளிப்பை ஓட்டியதும் டீகோட் கோடு தரையில் படுத்துக்கொண்டது, பிராசஸர் நூறைத் தொட்டது. இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. உங்கள் பிசியிலும் இதைச் செய்து பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

என்கோடர் பக்கம் 4060 நிச்சயமாக நல்லது. 1060 எச்.264-ம் எச்.265-ம் சுருக்கும். 4060 ஏவி1 என்ற புதிய கோடெக்கிலும் சுருக்கும். ஏவி1-ஐப் பிரித்துக் காட்டும் வசதி 30 வரிசையிலேயே வந்துவிட்டது, சுருக்கும் வசதி 40-ல்தான் வந்தது. யூடியூப்காரர்களுக்கு நல்ல விஷயம். கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்பது பென் டிரைவில் போட்டு டிவியில் ஓடும் எச்.264 கோப்பு. பெரியப்பா வீட்டு டிவியில் ஏவி1 ஓடாவிட்டால் அடுத்த நாள் போன் வரும்.

டிஎல்எஸ்எஸ் (சின்னதாக வரைந்த படத்தை ஏஐ கொண்டு பெரிதாக்குவது), ரே டிரேசிங் (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு வரைவது) இவையும் ஸ்பெக் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும். 1060-ல் இவற்றுக்கான ஆர்டி கோரும் இல்லை, டென்சர் கோரும் இல்லை. ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு 4060 இங்கே ஒரு பெரிய தாவல்தான். ஆனால் ஃபிரேம் ஜெனரேஷன் போட்ட எண்ணையும் போடாத எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் படங்களைக் கண்டால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். நடுவில் கற்பனையாகச் செருகிய ஃபிரேமையும் உண்மையில் வரைந்த ஃபிரேமையும் ஒரே தராசில் நிறுப்பது கொத்துமல்லிக் கட்டை மண்ணோடு நிறுப்பது மாதிரி.

டிரைவர் ஆயுள்

பழைய கார்டை இன்னும் சில வருடம் ஓட்டலாமா என்று யோசிப்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் இது. 10 வரிசை உட்பட்ட பாஸ்கல் கார்டுகளுக்கு முழுமையான புது டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாக என்விடியா அறிவித்தது. அதன் பிறகு 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தம் மட்டும். கார்டு அன்றோடு நின்றுவிடாது. ஆனால் புதிய எடிட்டிங் மென்பொருள் புதிய டிரைவரைக் கேட்கும் நாள் வரும்போது வழி இருக்காது. மென்பொருளை அடிக்கடி அப்டேட் செய்யாதவர்களுக்கு அவசரமில்லை.

காகிதத்தை மூடிவிட்டு அளந்து பாருங்கள்

ஸ்பெக் ஒப்பிட்டு இரண்டு மூன்று கார்டுக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் தாளில் விடை இல்லை. உங்கள் உண்மையான வேலையிலிருந்து மூன்று நிமிட டைம்லைன் ஒன்றைத் தயார் செய்யுங்கள். உங்கள் கேமரா கிளிப், நீங்கள் வழக்கமாகப் போடும் கலர், டைட்டில், எல்லாம் இருக்கட்டும். பழைய கார்டில் மூன்று முறை எக்ஸ்போர்ட் செய்து நேரத்தைக் குறியுங்கள். முதல் முறையை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பிசி குளிர்ந்திருக்கும் நேரமும் சூடேறிய நேரமும் வேறு வேறு எண் தரும். ரெண்டர் நேரம் மட்டும் போதாது, கிளிப்பை இழுத்துப் பார்க்கும்போது என்ன ஆகிறது என்பதையும் எழுதுங்கள். அதே கோப்பை எஸ்எஸ்டி-யில் போட்டு, புதிய கார்டு வைத்திருக்கும் நண்பர் வீட்டிலோ, டெமோ பிசி வைத்திருக்கும் கடையிலோ ஓட்டிப் பாருங்கள். அங்கே பிராசஸர் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிராசஸர் செய்த வேலைக்குக் கார்டுக்கு மார்க் போட்டுவிடுவோம்.

ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு நண்பரின் ஸ்டுடியோவில் 4060 இருந்தது, பிராசஸர் இவனுடையதைப் போலவே பழையது. நல்லதாகப் போயிற்று. எக்ஸ்போர்ட் நன்றாகவே குறைந்தது. ஆனால் 4:2:2 கிளிப் அங்கேயும் அதே மாதிரி திக்கியது. அதைப் பார்த்த பிறகு சித்தி மகன் கார்டைப் பற்றிப் பேசவில்லை, "அப்ப என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டான்.

மூன்று வழி சொன்னேன். காசே இல்லாத வழி, பிராக்ஸி. கிளிப்புகளுக்குச் சின்ன நகல் எடுத்து அதில் வெட்டிவிட்டு, கடைசியில் அசலை வைத்து எக்ஸ்போர்ட் செய்வது. இரவில் ஓடவிட்டால் காலையில் தயார். இரண்டாவது, 5060. மூன்றாவது, போர்டையும் பிராசஸரையும் சேர்த்து மாற்றி, இன்டெலின் உள் கிராபிக்ஸை டீகோடுக்கு விட்டுவிட்டு 1060-ஐயே இன்னும் கொஞ்சம் ஓட்டுவது. எனக்கு மூன்றாவதுதான் பிடித்திருந்தது. இவனுடைய பழைய ஐ7 விண்டோஸ் 11-ன் ஆதரவுப் பட்டியலிலும் இல்லை. ஆனால் போர்டு மாறினால் ராமும் மாற வேண்டி வரலாம், கை மீறிப் போகும் என்றான். அதுவும் நியாயம்தான்.

மார்கழி முடிய 5060-ம் 550 வாட் சப்ளையும் வாங்கினோம். மாட்டும் முன் போர்டின் பயாஸை அப்டேட் செய்து யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் வைத்தோம். பழைய முறையிலேயே விட்டால் சில போர்டுகளில் புதுக் கார்டு திரையே காட்டாது, திரை இல்லாமல் பயாஸுக்குள் போய் மாற்றவும் முடியாது. அப்படி மாட்டிக்கொண்டவர்கள் கார்டைக் கழற்றிவிட்டுப் போர்டின் பின்னால் இருக்கும் எச்டிஎம்ஐ-யில் மானிட்டரைச் சொருகிப் பார்க்கலாம். எடிட்டிங் மென்பொருளையும் புதிய பதிப்புக்கு மாற்றினோம். 4:2:2-ஐக் கார்டிடம் கொடுக்க மென்பொருளுக்கும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா. அதே கிளிப்பை டைம்லைனில் போட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். இந்த முறை டீகோட் கோடு எழும்பியது.

பழைய 1060-ஐ விற்பதற்கு அவனே விளம்பரம் எழுதினான். "ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி, 1280 கோர், 192 பிட், பேஸ்ட் மாற்றியது, ஜிபியு-இசட் படம் இணைப்பு." ஆத்தூரிலிருந்து ஒரு பையன் பஸ் ஏறி வந்தான். கார்டைக் கையில் வாங்கியதும் விசிறிக்குள் ஊதிப் பார்த்துவிட்டு, "அண்ணா, உங்க பிசியிலயே ஒரு தடவை போட்டுக் காட்டறீங்களா?" என்றான். மறுபடியும் பெட்டியைத் திறந்தோம்.